ஒரு குரலும் ஒரு தேவஸ்தானமும்

உலகப் புகழ் பெற்ற ஓபரா பாடகி ஒருவரின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் அரங்குகளின் பெயர்களை வரிசையாக அடுக்குவது வழக்கம். மிலானின் லா ஸ்காலா, லண்டனின் கோவென்ட் கார்டன், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் என்று அந்த வரிசை நீளும். நம்மிடையே அந்த அளவுக்குப் பன்னாட்டுப் புகழ் பெற்ற பெண் குரல் எம்.எஸ். சுப்புலட்சுமியுடையது. அவர் வாழ்க்கையையும் நாம் அதே முறையில்தான் எழுதி வருகிறோம்: 1963-இல் எடின்பரோ விழா, 1966 அக்டோபர் 23-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மண்டபம், 1977-இல் கார்னகி ஹால், 1982-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால், 1987-இல் மாஸ்கோ. பட்டியலில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இந்த மேடைகள் எல்லாம் அவர் புகழை ஏற்றுக்கொண்ட இடங்கள். அவர் குரல் எதைச் சுமந்து சென்றது, எது நிலைத்தது என்பதைத் தீர்மானித்தவை அல்ல. அதைத் தீர்மானித்த ஊர் சென்னைக்கு வடமேற்கே, பழைய சித்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. எம்.எஸ். வாழ்வில் ஓர் ஓபரா மாளிகை செய்திருக்கக்கூடிய வேலையைத் திருமலை திருப்பதி தேவஸ்தானம்தான் செய்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஓபரா மாளிகை என்பது நல்ல ஒலியமைப்புள்ள கட்டடம் மட்டும் இல்லை. பழைய இசைப்பிரதிகளைக் காத்து வைப்பது, எதை மீட்டெடுத்துப் பாட வைப்பது என்று முடிவு செய்வது, அதற்குப் பணம் ஒதுக்குவது, கேட்கும் கூட்டத்தை ஆண்டுக்கணக்கில் பழக்குவது ஆகிய நான்கும் அதன் வேலைகள். பாடகியின் பெயர் நிற்பது இந்த நான்கின் மேல்தான். மரியா காலஸை எடுத்துக்கொள்வோம். டொனிஸெட்டியின் ‘அன்னா பொலேனா’ 19-ஆம் நூற்றாண்டில் கொண்டாடப்பட்டுப் பின்னர் மேடையிலிருந்து ஏறத்தாழ மறைந்துபோன படைப்பு. 1957-இல் லா ஸ்காலா அதைப் புதிதாக மேடையேற்றியது, காலஸ் பாடினார். அதற்குப் பிறகுதான் அந்த ஓபராவுக்கும், அதைப் போல் மறக்கப்பட்டிருந்த பல படைப்புகளுக்கும் இருபதாம் நூற்றாண்டில் மறுவாழ்வு கிடைத்தது. காலஸ் எத்தனை நகரங்களில் பாடினார் என்பது இன்று ரசிகர்களின் நினைவுக்கணக்கு. எதை உயிர்ப்பித்தார் என்பதோ இசை வரலாறு. இதே அளவுகோலை எம்.எஸ். வாழ்க்கையின் மேல் வைத்தால் கண் போகும் இடம் நியூயார்க்காக இருக்காது, திருப்பதியாகவே இருக்கும்.

அந்த ஊர் எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். சித்தூர் மாவட்டம் 1911-இல் வட ஆர்க்காட்டிலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் வெட்டி எடுத்துச் சேர்க்கப்பட்டது. சென்னை மாகாணத்தின் ஒரு மூலையாக இருந்தபோது அங்கே தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கின. கச்சேரிக்காரர்கள் காஞ்சிபுரத்துக்கும் சித்தூருக்கும் இடையே எல்லை எதையும் அறியாமல் போய்வந்தார்கள். காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் முதன்மைச் சீடர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. 1954-இல் மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். குண்டூர்ப் பக்கத்தில் பிறந்த வி. நாகையா, சித்தூர் நாடக மேடையில் புகழ் பெற்றதால் ‘சித்தூர் நாகையா’ ஆனார். 1945-இல் வெளிவந்த ‘மீரா’ படத்தில் எம்.எஸ்ஸுக்கு ஜோடியாக ராணா வேடத்தில் நடித்தவர் அவரே. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தது. ம.பொ.சி. தலைமையில் வடக்கு எல்லைக்காகப் போராட்டம் நடந்தது. கடைசியில் 1960-இல் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. வேங்கடத்தைத் தமிழகத்தின் வடவெல்லை என்று தொல்காப்பியப் பாயிர காலம் முதல் சொல்லி வந்தவர்களுக்கு அது ஆறாத குறை. ஆனால் எல்லைக் கணக்கு முடிந்த மூன்றே ஆண்டுகளில், மதுரையில் பிறந்த ஒரு பெண்ணின் குரல் உலகெங்கும் அந்த மலையின் குரலாகிவிட்டது. அரசியலால் முடியாததை இசைத்தட்டு செய்தது என்று பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. இசையின் நிலப்பரப்பும் வருவாய்த்துறையின் நிலப்பரப்பும் அங்கே எப்போதுமே வேறு வேறாக இருந்தன.

1963-க்கு முன் எம்.எஸ்ஸின் குரலை ஆதரித்தவை எவை? 1916 செப்டம்பர் 16-இல் வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாகப் பிறந்தவர் அவர். பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். தேவதாசி மரபில் வந்த அந்த வீட்டுக்கு இசையே சொத்து, இசையே தொழில். சிறு வயதிலேயே இசைத்தட்டு, பிறகு சபாக்கள், பிறகு ‘சேவாசதனம்’, ‘சகுந்தலை’, ‘சாவித்திரி’, ‘மீரா’ என்று திரைப்படங்கள். 1940-இல் தி. சதாசிவத்துடன் திருமணம். 1941-இல் தொடங்கிய ‘கல்கி’ இதழுக்கு முதல் கிடைத்தது, ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்து எம்.எஸ். ஈட்டிய பணத்திலிருந்து. 1944-இல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காகக் கச்சேரிகள் செய்தார். அதன் பின் எத்தனையோ அறக்கட்டளைகளுக்கும் பள்ளிகளுக்கும் கோயில்களுக்கும் அவர் கச்சேரி வருவாய் போனது. ஆக, இந்தக் குரல் பிற நிறுவனங்களைத் தாங்கியது. இதைத் தாங்க ஒரு நிறுவனம் இருக்கவில்லை. சபா ஓர் இரவுக்குச் சம்பளம் கொடுக்கும், திரைப்படம் ஒரு படத்துக்குக் கொடுக்கும். புதிதாக ஒரு பெரும் பாடல் தொகுதியைக் கற்றுக்கொண்டு பாட வேண்டும் என்றால், அதற்குரிய நேரத்தையும் ஆசிரியர்களையும் பணத்தையும் ஏற்கும் அமைப்பு எதுவும் அன்றைய சென்னையில் கிடையாது.

1963 இந்த வாழ்க்கையில் முக்கியமான ஆண்டு. எடின்பரோ விழாவின் இயக்குநராக அப்போது இருந்தவர் ஹேர்வுட் பிரபு. அவர் முழுக்க முழுக்க ஓபரா உலகத்து மனிதர்; 1950-இல் ‘ஓபரா’ என்ற பெயரிலேயே இதழ் தொடங்கியவர். அந்த ஆண்டு விழாவில் இந்திய இசைக்குத் தனி இடம் தந்தார். எம்.எஸ்ஸும் பாலசரஸ்வதியும் ரவிசங்கரும் அங்கே போனார்கள். மேற்கத்திய செவ்வியல் இசைக்குப் பழகிய காதுகள் எம்.எஸ். குரலை முதன்முறையாகப் பெரிய அளவில் கேட்டது அங்கேதான். அதே ஆண்டில் கிராமபோன் கம்பெனி ‘வேங்கடேச சுப்ரபாதம்’ நெடுந்தட்டை வெளியிட்டது. இரண்டில் எது வரலாற்று நிகழ்ச்சி என்று அன்று கேட்டிருந்தால் எடின்பரோ என்றுதான் பத்திரிகைகள் சொல்லியிருக்கும். இன்று எடின்பரோவில் எம்.எஸ். என்ன பாடினார் என்பதை ஆய்வாளர்கள் தேடிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சுப்ரபாதமோ கன்னியாகுமரியிலிருந்து கோலாலம்பூர், டர்பன் வரை தேநீர்க் கடைகளிலும் கோயில் ஒலிபெருக்கிகளிலும் வீடுகளிலும் விடிகாலையின் அடையாளமாக நிற்கிறது. அந்தத் தட்டின் உரிமைத்தொகையைத் திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கு எம்.எஸ். கொடுத்துவிட்டதும் கவனிக்கத்தக்கது. கோயிலின் ஓதல் அவர் குரலில் ஏறி வீடுகளுக்குப் போனது; அதன் வருவாய் ஓதலைக் கற்பிக்கும் இடத்துக்கே திரும்பி வந்தது.

சுப்ரபாதம் எம்.எஸ்ஸுக்காக உருவான பாட்டு அல்ல என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மணவாள மாமுனிகளின் சீடரான பிரதிவாதி பயங்கரம் அண்ணன் 15-ஆம் நூற்றாண்டில் இயற்றியது அது. இராமனை விசுவாமித்திரர் எழுப்பும் வால்மீகியின் சுலோகத்தோடு தொடங்கும் 29 சுலோகங்களும், அவற்றைத் தொடரும் ஸ்தோத்திரம், பிரபத்தி, மங்களாசாசனம் ஆகிய பகுதிகளும் சேர்ந்ததுதான் முழுப் பாராயணம். திருமலைச் சன்னிதியில் நாள்தோறும் அதை ஓதுகிறவர்கள் இன்றும் அதற்கென உரிமை பெற்ற ஆண்கள்தான். மார்கழி வந்துவிட்டால் அங்கே சுப்ரபாதம் நின்று திருப்பாவை ஒலிக்கும். ஒரு மாதம் முழுவதும் ஆண்டாளின் தமிழ்தான் வேங்கடவனை எழுப்புகிறது. எம்.எஸ்ஸுக்கு முன்னும் சுப்ரபாதத்தை ஆண்கள் கணீரென்று ஓதியிருக்கிறார்கள், பின்னும் ஓதியிருக்கிறார்கள். அப்படியிருக்க ஒரு பெண்ணின் பதிவு ஏன் அளவுகோலானது? தட்டை ஊன்றிக் கேட்டால் காரணம் விளங்கும். எம்.எஸ். அதைக் கச்சேரியாக்கவில்லை. சங்கதி போடவில்லை, நிரவல் செய்யவில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய மாத்திரையைக் கொடுத்து, சந்தம் குலையாமல், உடன் பாடிய, சதாசிவத்தின் மகள் ராதாவின் குரலோடு இழைந்து ஓதினார். மேடையில் தாரஸ்தாயியில் நின்று மண்டபத்தைக் கட்டிப்போடும் வல்லமை உள்ளவர், அந்த வல்லமை எதையும் இங்கே காட்டவில்லை. பெரிய குரல்கள் பொதுவாக இந்த அடக்கத்துக்கு இசைவதில்லை.

பெண் குரலுக்குத் திருமலையில் இடமே இல்லாமல் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகளில் எம்பெருமானடியார் எனப்பட்ட கோயில் பெண்கள் வருகிறார்கள். பழைய சித்தூர் மாவட்டத்தின் தரிகொண்டா ஊரில் 1730-ஆம் ஆண்டளவில் பிறந்த வெங்கமாம்பா, கணவனை இழந்தபின் கைம்பெண் கோலத்தை ஏற்க மறுத்து, ஊரை எதிர்த்து, மலைக்கு வந்து வாழ்ந்து தெலுங்கில் பல நூல்கள் இயற்றியவர். இன்றும் இரவில் ஏகாந்த சேவையின்போது, பாடலாசிரியர் தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரின் வழியினர் தாலாட்டுப் பாட, வெங்கமாம்பாவின் பெயரால் முத்தியால ஆரத்தி எடுக்கப்படுகிறது. அத்தோடுதான் நாள் நிறைவடைகிறது. எம்.எஸ்ஸின் பதிவு இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டிய ஒன்று. கோயிலில் பெண்கள் ஆடுவதையும் பாடுவதையும் ஏற்றிருந்த முறைக்கு 1947-இல் சென்னை மாகாணச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது. அந்தச் சட்டத்துக்குச் சமூக நீதி சார்ந்த வலுவான காரணங்கள் இருந்தன. ஆனால் அதே மரபில் பிறந்த ஒரு பெண்ணின் குரல், சட்டம் வந்து பதினாறு ஆண்டுகளில், சன்னிதிக்குள் கால் வைக்காமலேயே சன்னிதியின் முதல் சேவையை நாட்டுக்குச் சொல்லித் தந்தது. வாசல் ஒருபுறம் அடைபட, ஒலித்தட்டு வேறொரு வாசலைத் திறந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். இதையெல்லாம் செய்தது கிராமபோன் கம்பெனிதானே, திருப்பதிக்கு என்ன பெருமை என்று கேட்கலாம். தட்டை அடித்ததும் விற்றதும் கம்பெனிதான், மறுப்பில்லை. ஆனால் அதே கம்பெனி அதே பத்தாண்டுகளில் எத்தனையோ வித்துவான்களின் எத்தனையோ ஸ்தோத்திரங்களைப் பதிவு செய்திருக்கிறது. அவை சேகரிப்பாளர்களின் அலமாரியில் இருக்கின்றன. சுப்ரபாதத்துக்கு ஒரு குறித்த வேளை இருந்தது, ஒரு குறித்த சேவை இருந்தது, அந்த வேளையில் அதைக் கேட்பதைக் கடமையாகக் கருதும் கோடிக்கணக்கான மக்கள் இருந்தார்கள். இவற்றைக் கம்பெனியால் உண்டாக்க முடியாது. ஐந்நூறு ஆண்டுக் கோயில் நடைமுறையால்தான் முடியும். உலக மேடைகளை முன்வைக்கும் மறுப்புக்கும் இதுவே பதில். ஐ.நா. மண்டபத்தில் அவர் பாடிய ‘மைத்ரீம் பஜத’ காஞ்சிப் பெரியவர் இயற்றியது, வசந்த் தேசாய் இசையமைத்தது. ராஜாஜி எழுதிய ஆங்கிலப் பாடல் ஒன்றும் அன்று ஒலித்தது. உலக அவைக்காக இங்கிருந்து எழுதி எடுத்துப்போன பாடல்கள் அவை. அந்த மேடை அவருக்குப் பெருமை தந்தது, புதிய பாடல் மரபைத் தரவில்லை. ஒரே இரவின் கைதட்டலை ஓர் அமைப்பின் பல ஆண்டு உழைப்போடு ஒப்பிட முடியாது.

அந்த உழைப்பு அன்னமாச்சாரியார் விஷயத்தில் தெளிவாகத் தெரிகிறது. தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் 1408 முதல் 1503 வரை வாழ்ந்தவர். சந்திரகிரியிலிருந்து ஆண்ட சாளுவ நரசிம்மன் அவரை ஆதரித்தவன். தன்னைப் பாடச் சொன்னபோது அவர் மறுத்ததால் சிறையிட்டான் என்றும் கதை உண்டு. அவர் 32,000 பாடல்கள் பாடினார் என்பது மரபுச் செய்தி. அவருடைய மகனும் பேரனும் அவற்றைச் செப்பேடுகளில் வெட்டுவித்து, திருமலைக் கோயிலுக்குள் கல்லால் ஆன ஒரு சிறு அறையில் சேமித்து வைத்தார்கள். பிறகு சில நூற்றாண்டுகள் அந்தப் பாடல்கள் ஏறத்தாழ மௌனத்தில் கிடந்தன. 1920-களில் சாது சுப்பிரமணிய சாஸ்திரி ஆய்ந்து வெளிக்கொணர்ந்த அந்த ஏடுகள் 2,000-க்கும் மேற்பட்டவை. அவற்றிலிருந்து 12,000-க்கும் மேற்பட்ட பாடல்கள் கிடைத்தன. மடத் தலைவர்களான மகந்துகளின் பொறுப்பில் இருந்த கோயில் 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேவஸ்தானக் குழுவின் நிர்வாகத்துக்கு வந்தது. அதன்பின் வேட்டூரி பிரபாகர சாஸ்திரி போன்றவர்களின் உழைப்பால் பாடல்கள் தொகுதி தொகுதியாக அச்சேறின. ரால்லபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா அவற்றில் தேர்ந்தெடுத்த பாடல்களுக்கு மெட்டமைத்து ஸ்வரப்படுத்தினார். 1978-இல் அன்னமாச்சாரியார் திட்டம் என்ற தனி அமைப்பே உருவானது. லா ஸ்காலாவின் பிரதிக்களஞ்சியத்துக்கு இணையாக இங்கே ஒரு செப்பேட்டுக் களஞ்சியம் இருந்தது. அதைப் பதிப்பிக்க அறிஞர்களும், பாடவைக்கப் பணமும் இருந்தன. எட்டுத் திக்கும் கேட்கும் ஒரு குரல் மட்டும் பாக்கி.

எம்.எஸ். அங்கே வந்து சேர்ந்த சூழ்நிலை மகிழ்ச்சியானதல்ல. 1970-களின் பிற்பகுதியில் சதாசிவம் தம்பதியருக்குக் கடும் பணமுடை ஏற்பட்டது. ‘கல்கி கார்டன்ஸ்’ என்ற அவர்களின் பெரிய இல்லம் கைமாறியது. வாழ்நாள் முழுவதும் பிறருக்காகக் கச்சேரி செய்து கொடுத்தவர், அறுபது வயதைக் கடந்த நிலையில் வாடகை வீட்டுக்குக் குடியேறினார். அப்போது தேவஸ்தானத்தின் நிர்வாக அதிகாரியாக இருந்தவர் பி.வி.ஆர்.கே. பிரசாத். அவர் பின்னாளில் எழுதிய நினைவுகளில் இதைப் பற்றி விரிவாகச் சொல்லியிருக்கிறார். உதவியாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் மனிதர்கள் அல்லர் அவர்கள். எனவே கலைஞருக்குக் கொடுக்கத்தக்க ஒன்றைத் தேவஸ்தானம் கொடுத்தது, அதாவது வேலையை. அதன் விளைவே 1979-80-இல் உருவான ‘பாலாஜி பஞ்சரத்னமாலா’ என்ற ஐந்து நெடுந்தட்டுகளின் தொகுதி. அன்னமாச்சாரியார் கீர்த்தனைகளும் ஸ்தோத்திரங்களும் அதில் இடம் பெற்றன. நேதுனூரி கிருஷ்ணமூர்த்தி எம்.எஸ்ஸுக்குப் பாடல்கள் சொல்லிக்கொடுத்தார். கடையநல்லூர் வெங்கடராமன் பல பாடல்களுக்கு மெட்டமைத்தார். அறுபத்து மூன்று வயதில், பாரத நாட்டின் மிகப் பெரிய பாடகி என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகு, தாய்மொழியல்லாத தெலுங்கில் புதுப்பாடல்களை மாணவியைப் போல் உட்கார்ந்து பாடம் செய்தார். ஓபரா உலகில் இந்த வயதுக்கு முன்பே பெரும்பாலான சோப்ரானோக்கள் மேடையை விட்டு விலகிவிடுவார்கள்.

விளைவு என்ன? கமாஸில் ‘டோலாயாம்’, பௌளியில் ‘ஸ்ரீமந்நாராயண’, யமுனா கல்யாணியில் ‘பாவயாமி கோபாலபாலம்’ ஆகியவை இன்று சென்னையில் பாட்டுக் கற்கும் எந்தக் குழந்தைக்கும் தெரிந்தவை. கச்சேரியின் பின்பகுதியில் அன்னமாச்சாரியார் பாடல் ஒன்று வராத மாலை அரிது. 1960-க்கு முந்தைய சென்னை சபாக்களின் நிகழ்ச்சி நிரலில் அவருக்கு அந்த இடம் இல்லை. தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகிய மூவருக்கும் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு முந்தையவர், அவர்களுக்குப் பின்னால் வந்தவரைப் போல் இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் மேடையேறினார். அதற்குப் பஞ்சரத்னமாலா ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் தமிழ்ச் செவிகளுக்கும் வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கும் அன்னமாச்சாரியாரை அறிமுகம் செய்த தட்டு அதுதான். ‘அன்னா பொலேனா’வுக்கு 1957-இல் நடந்தது இங்கே 1980-ஐ ஒட்டி நடந்தது.

இந்த ஒப்பீட்டுக்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு. டொனிஸெட்டியின் இசைப்பிரதி முழுதாக இருந்தது. காலஸ் பாடியது டொனிஸெட்டியைத்தான். செப்பேடுகளில் பாடல்வரியும் ராகத்தின் பெயரும் மட்டுமே உள்ளன, ஸ்வரம் இல்லை. ஆகவே எம்.எஸ். பாடியது அன்னமாச்சாரியாரின் சொல்லை, இருபதாம் நூற்றாண்டு இசையமைப்பாளர்களின் மெட்டில். செப்பேடு சொன்ன ராகத்தை விட்டு வேறு ராகத்தில் மெட்டமைத்ததும் உண்டு. இது உண்மை. ஆனால் இந்தக் குறை அவருக்கு மட்டும் உரியதன்று. தேவாரத்துக்கும் திருப்பாவைக்கும் இன்று கச்சேரியில் நாம் கேட்கும் பல மெட்டுகள் கடந்த நூற்றாண்டில் அமைந்தவையே. நம் மரபில் சாகித்தியம் பழையதாகவும் வர்ணமெட்டு புதியதாகவும் இருப்பதைக் குறையாக யாரும் கருதியதில்லை. இதே காரணத்தால் உழைப்பின் பங்கீட்டையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ரால்லபள்ளி, பாலமுரளிகிருஷ்ணா, நேதுனூரி, 600-க்கும் மேற்பட்ட பாடல்களுக்கு மெட்டமைத்து 2025-இல் மறைந்த கரிமெல்ல பாலகிருஷ்ண பிரசாத் ஆகியோர் இல்லாமல் அன்னமாச்சாரியார் மறுமலர்ச்சி இல்லை. ஆந்திரத்து ரசிகர்களைக் கேட்டால் எம்.எஸ்ஸுக்கு முன் இவர்கள் பெயரைத்தான் சொல்வார்கள், அது நியாயம். பல பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தின் முகப்பில் ஒரு பாடகி நிற்பது என் வாதத்துக்கு எதிரானது அல்ல. ஓபரா மாளிகையிலும் அப்படித்தான்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. எம்.எஸ். வாழ்க்கையை எழுதிய டி.ஜே.எஸ். ஜார்ஜும், 2015-இல் ‘காரவன்’ இதழில் நீண்ட கட்டுரை எழுதிய டி.எம். கிருஷ்ணாவும், தேவதாசி மரபின் துணிவும் கற்பனையும் நிறைந்த ஒரு கலைஞர் எப்படி ஒரு பிராமணக் குடும்பத்தலைவியின் உருவத்துக்குள், பின்னர் ஒரு துறவியின் உருவத்துக்குள் அடைக்கப்பட்டார் என்பதைக் காட்டியிருக்கிறார்கள். இந்தப் பார்வையில் சுப்ரபாதமும் பஞ்சரத்னமாலாவும் அந்த அடைப்பின் கதவுகள். ராகம் பாடியவரை ஸ்தோத்திரம் ஓத வைத்தவை. இந்த விமரிசனத்தில் பெரும்பகுதியை ஏற்கத்தான் வேண்டும். பூஜையறைப் படமாக எம்.எஸ்ஸை வணங்குகிறவர்கள் அவருடைய சங்கராபரண ஆலாபனையைக் கேட்டிருப்பார்களா என்பது ஐயமே. அவர் பிம்பத்தை வடிவமைத்ததில் கணவர் சதாசிவத்தின் கை பெரியது என்பதிலும் ஐயமில்லை. ஆனால் இதிலிருந்து திருப்பதிப் பதிவுகள் கலைக்குறைவானவை என்ற முடிவுக்குப் போக முடியாது. பஞ்சரத்னமாலா பாடம் செய்த ராகங்களின் தொகுதி; ஒரு ராகத்தின் சாயலைச் சில நொடிகளில் நிறுத்திக் காட்டுவதற்கு ஒரு மணிநேர ஆலாபனைக்கு வேண்டிய ஞானம் வேண்டும். தவிர, மூன்று மணிநேரக் கச்சேரி சபாவின் டிக்கெட் வாங்கியவருக்கு மட்டும் கிடைத்த ஒன்று. வானொலியிலும் டேப் ரிக்கார்டரிலும் பௌளியைக் கேட்டு அதன் பெயர் தெரியாமலேயே அதை மனத்தில் வாங்கிக்கொண்டவர்கள் அந்த அரங்குகளின் வாசலையே மிதிக்காத மக்கள். குறுகிய கூட்டத்தின் இசையைப் பெருங்கூட்டத்தின் காதுக்குப் பழக்கியதும் ஒரு கலைச்சாதனையே. அதைப் பக்தி என்று மட்டும் பெயரிட்டு ஒதுக்கினால், பூஜையறைக்காரர்கள் செய்த அதே தவற்றை மறுபக்கத்திலிருந்து செய்தவர்கள் ஆவோம்.

மூன்றாவதாக ஒன்று சொல்லப்படலாம். உலகத்திலேயே பெருஞ்செல்வம் உடைய கோயில்களில் ஒன்று, ஏற்கெனவே பத்ம விபூஷணும் மக்சேசே விருதும் பெற்றுவிட்ட ஒருவருக்கு வேலை கொடுத்ததில் என்ன பெரிய ஆதரவு? இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, பாதிப் பதிலே உண்டு. மற்ற அமைப்புகள் அவருக்குக் கொடுத்தவை பட்டங்கள்: 1968-இல் சங்கீத கலாநிதி, 1974-இல் மக்சேசே, 1975-இல் பத்ம விபூஷண், கடைசியில் 1998-இல் பாரத ரத்னா. பட்டம் செய்து முடித்த வேலைக்குக் கிடைக்கும் ரசீது. திருப்பதி கொடுத்தது இனிமேல் செய்ய வேண்டிய வேலை. அதற்கு வேண்டிய பாடல்கள், ஆசிரியர்கள், ஊதியம். முதுமையில் ஒரு கலைஞருக்குப் பொன்னாடை போர்த்துவதற்கும், உங்களால் இன்னும் ஐந்து தட்டு பாட முடியும் என்று நம்புவதற்கும் மிகப் பெரிய வேறுபாடு உண்டு. மறுபாதிக் கேள்வி அப்படியே நிற்கிறது. அதே சித்தூர் மாவட்டத்திலும் அண்டைத் தமிழ் மாவட்டங்களிலும், எம்.எஸ். பிறந்த அதே மரபில் வந்து, புகழ் எட்டாமல், பாட்டை விட்டுவிட்டுப் போன பெண்கள் எத்தனையோ பேர். அவர்களைத் தேடி எந்தத் தேவஸ்தானமும் போகவில்லை.

எம்.எஸ். 2004 டிசம்பர் 11-இல் மறைந்தார். இரண்டாண்டு கழித்துத் திருப்பதியில் பூர்ணகும்பம் சந்திப்பில் அவருக்கு வெண்கலச் சிலை எழுந்தது. அந்த ஊர் அவருக்குச் சிலை வைத்தது பொருத்தமானதே. ஆனால் அவ்வூர் அவருக்குச் செய்த உண்மையான மரியாதை 1979-80-இல் தந்த வேலைதான். செப்பேடுகளிலிருந்து கிடைத்த 12,000-க்கும் மேற்பட்ட பாடல்களில் கச்சேரி மேடைக்கு வந்தவை இன்றும் ஒரு சிறு பகுதியே. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தபின்னும் களஞ்சியம் அங்கேயே இருக்கிறது, பணமும் இருக்கிறது, பாடக்கூடிய இளம் குரல்களும் இருக்கின்றன. தேவஸ்தானம் அடுத்த பஞ்சரத்னமாலாவைப் பட்டங்கள் பெற்று முடித்த ஒருவரிடம் கொடுக்கக் கூடாது. இருபத்தைந்து வயதில், பெயர் தெரியாமல், மேளக்காரர் வீட்டிலோ ஓதுவார் வீட்டிலோ குப்பத்துத் தெருவிலோ பாடிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம் கொடுக்க வேண்டும். எம்.எஸ். பெயரில் செய்யத்தக்க காரியம் அதுவே.